ஆற்றுத்துறையில் கேட்ட சொல்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது, 'பழைய ஷிபோலெத்துகளைக் கைவிட்ட தலைமுறை' என்ற பொருள்படும் ஒரு தொடரில் வந்து நின்றேன். அந்தச் சொல்லை அதற்கு முன் இரண்டொரு முறை கண்ணால் பார்த்திருந்தேனே தவிர, அதன் பொருளைத் தேடியதில்லை. சூழலைக் கொண்டு பொருளை ஊகித்துவிடலாம் என்ற அசட்டுத் துணிச்சல் மொழிபெயர்ப்பாளர்களுக்கு உண்டு; அந்தத் துணிச்சலில் 'மூடநம்பிக்கைகள்' என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். இரண்டு பக்கம் தள்ளி அதே சொல் மீண்டும் வந்தது. இம்முறை ஒருவருடைய பேச்சில் தொனித்த ஒரு குறிப்பிட்ட உச்சரிப்பை அது சுட்டியது. அங்கே 'மூடநம்பிக்கை' கொஞ்சமும் ஒட்டவில்லை. அகராதியை எடுத்துப் பார்த்தால், அடையாளச் சொல், ஒரு கூட்டத்தாருக்கே உரிய பேச்சு வழக்கு, கட்சிகள் ஓயாமல் முழங்கும் வாசகம், காலாவதியான கொள்கை, இனங்காட்டும் பழக்கம் என்று ஒன்றோடொன்று உறவில்லாதவைபோல் தோன்றும் பொருள்கள் வரிசையாகக் கிடந்தன. இத்தனை பொருளையும் ஒரே சொல் எப்படிச் சுமக்கிறது என்று தேடப்போய், அந்தத் தேடல் கட்டுரையின் மொழிபெயர்ப்பைவிட நீண்டுவிட்டது.

சொல்லின் பிறப்பிடம் எபிரேய விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூல், 12ஆம் அதிகாரம், 6ஆம் வசனம். யோர்தான் ஆற்றுக்குக் கிழக்கே கிலேயாத் நாட்டார். மேற்கே எப்பிராயீம் குலத்தார். இருவரும் இஸ்ரவேலரே, ஒரே கடவுளை வணங்கியவர்கள், ஏறக்குறைய ஒரே மொழியைப் பேசியவர்கள். அம்மோனியரோடு நடந்த போரில் கிலேயாத்தின் தலைவன் யெப்தா வெற்றி பெறுகிறான். எங்களை ஏன் அழைக்கவில்லை, உன் வீட்டை உன்னோடு சேர்த்துக் கொளுத்துவோம் என்று எப்பிராயீமர் ஆற்றைக் கடந்து வந்து சண்டைக்கு நிற்கிறார்கள். அந்தச் சண்டையில் தோற்றுச் சிதறி, வந்த வழியே வீடு திரும்ப முயல்கிறார்கள். ஆனால் ஆற்றை நினைத்த இடத்தில் கடக்க முடியாது. ஆழம் குறைந்த துறைகளில்தான் இறங்கிக் கடக்கலாம். அந்தத் துறைகளைக் கிலேயாத்தார் முன்னரே பிடித்து நிற்கிறார்கள்.

தப்பி வருகிறவன் ஒவ்வொருவனும், தன்னை அக்கரைக்குப் போகவிடுமாறு கேட்கிறான். நீ எப்பிராயீமனா என்று காவலர்கள் கேட்கிறார்கள். இல்லை என்கிறான். அப்படியானால் 'ஷிபோலெத்' என்று சொல் என்கிறார்கள். அவன் 'ஸிபோலெத்' என்கிறான். பிடித்து அங்கேயே வெட்டிப்போடுகிறார்கள். அன்றைக்கு விழுந்தவர்கள் 42,000 பேர் என்கிறது நூல். அந்த எண்ணிக்கையை அப்படியே கொள்வது கடினம். எண்ணாகமத்தில் வரும் இரண்டாவது கணக்கெடுப்பில் எப்பிராயீம் குலத்தின் போர் வீரர்கள் மொத்தமே 32,500 பேர்தான். ஆயினும் கதையில் நம்மை உறுத்துவது எண்ணிக்கையன்று. நாவின் நுனி கால் அங்குலம் முன்னே போனதற்காக ஒருவன் உயிர் போகிறது என்பதுதான் உறுத்துகிறது.

கால் அங்குலம் என்று நான் மிகைப்படுத்தவில்லை. வாசிப்பவர்கள் 'ஸ' என்ற ஒலியை நீட்டிச் சொல்லிப் பார்க்கலாம்: நாவின் நுனி மேல்பல் வரிசைக்குப் பின்னால் மிக அருகே நிற்கும், காற்று ஒரு மெல்லிய கீற்றாகப் பற்களில் மோதிச் சீறும். மூச்சை நிறுத்தாமல் நாவைச் சற்றே பின்னுக்கு இழுத்து, உதடுகளை இலேசாகக் குவித்தால், அதே சீறல் தடித்து 'ஷ' ஆகிவிடும். இரண்டு ஒலிகளுக்கும் இடையே வேறு எந்தத் தொலைவும் இல்லை. எபிரேய எழுத்தில் முதலாவது ஸாமெக், இரண்டாவது ஷின். எப்பிராயீமன் சொன்னதாக நூல் காட்டும் வடிவம் ஸாமெக் எழுத்தில்தான் தொடங்குகிறது. அன்றைக்கு அந்த ஆற்றங்கரையில் உண்மையிலேயே எந்த இரண்டு ஒலிகள் மோதிக்கொண்டன என்பதில் செமித்திய மொழியியலாளர்களிடையே நீண்ட விவாதம் உண்டு. கிலேயாத்தார் அந்தச் சொல்லின் முதலில் ஆங்கிலத்தின் 'திங்க்' என்ற சொல்லில் வரும் பல்லிடை ஒலி போன்ற ஒன்றைப் பலுக்கியிருக்கலாம் என்பது அவற்றுள் ஒரு கருத்து. எந்த ஒலியாக இருந்தாலும், ஒரு கரையில் இருந்தது மறுகரையில் இல்லை என்பதே செய்தி.

சொல்லுக்கு எபிரேயத்தில் என்ன பொருள்? இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, தானியக் கதிர். ஆதியாகமத்தில் பார்வோன் கனவில் காணும் செழித்த ஏழு கதிர்களும் தீய்ந்த ஏழு கதிர்களும் இந்தச் சொல்லின் பன்மையால்தான் குறிக்கப்படுகின்றன. ரூத் வயலில் பொறுக்கப் போவதும் இவற்றையே. மற்றொன்று, பாய்ந்தோடும் நீர். வெள்ளம் என்மேல் புரண்டு போகிறது என்று 69ஆம் சங்கீதம் கதறும் இடத்தில் இதே சொல் வருகிறது. கதிருக்கும் வெள்ளத்துக்கும் என்ன தொடர்பு என்று வியப்பவர்கள், தமிழில் நெல்லுக்கும் ஞாயிற்றுக்கும் ஒரே கதிர் என்ற சொல்லை நாம் எவ்விதத் தயக்கமும் இன்றி வழங்கிவருவதை எண்ணிக்கொள்ளலாம். ஆற்றுத்துறையில் நின்று கேட்கப்பட்ட கேள்வி ஆதலால், காவலர்களின் மனத்தில் இருந்தது நீரோட்டம் என்ற பொருளே என்று கருதுவோர் பலர். ஆற்றைச் சுட்டிக்காட்டி, இதற்கு என்ன பெயர் சொல் என்று கேட்பது இயல்புதானே. விவிலியத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் என்பவரோ, இதற்குக் கதிர் என்று பொருள் என ஒரு விளக்கத்தை வசனத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்.

எனினும் அந்தச் சமயத்தில் பொருளுக்கு எந்த வேலையும் இல்லை. கதிர் என்றாலும் வெள்ளம் என்றாலும் விளைவு ஒன்றே. மொழியின் வரலாற்றில் பொருளே தேவைப்படாமல் ஒலிக்காக மட்டும் ஒரு சொல் கையாளப்பட்ட அரிய தருணம் அது. பொருளை முற்றாகக் கழற்றி எறிந்த அந்தச் சொல்லுக்குத்தான் பின்வந்தவர்கள் ஆளுக்கொரு பொருளை மாட்டிவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஷிபோலெத்தைக் கடவுச்சொல் என்று பெயர்த்திருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன், அது பிழை. கடவுச்சொல் என்பது மறைக்கப்படுவது. தெரிந்தவன் உள்ளே போவான், தெரியாதவன் வெளியே நிற்பான். தெரியாதவனுக்கு யாராவது காதில் ஓதிவிட்டால் அவனும் உள்ளே போய்விடலாம். யோர்தான் துறையிலோ விடையைக் கேள்வியிலேயே வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். இதைச் சொல் என்று சொல்லிக்காட்டியே கேட்கிறார்கள். எதிரில் நிற்பவனுக்கு எல்லாம் தெரியும். சொல் தெரியும், பொருள் தெரியும், பிழைத்தால் தலை போகும் என்பதும் தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை. மூல நூலில் அவன் முயன்றதும் முடியாமற்போனதும் ஒரு சிறு தொடரில் அடங்கிவிடுகின்றன.

நம் இலக்கணத்தில் வரும் குழூஉக்குறியும் இதற்குப் பொருந்தாது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்றும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்றும், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்றும் வழங்கியதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அவை அயலாருக்குப் புரியக்கூடாது என்பதற்காகத் தொழில்செய்வோர் தாமே அமைத்துக்கொண்ட வேலிகள். ஷிபோலெத் யாரும் அமைத்துக்கொண்டதன்று. அது தாய்மடியில் நாவில் படிந்த தழும்பு. அதை அணிந்திருப்பவனுக்கே அது இருப்பது தெரியாது, மற்றவன் சுட்டிக்காட்டும்வரை.

தழும்பு எப்போது படிகிறது என்பதற்குக் கடந்த நூற்றாண்டில் ஓரளவு விடை கிடைத்தது. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்டு டீஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த குழந்தைகளுக்கு இந்தியின் இருவகைத் தகர டகர ஒலிகளைக் கேட்கச் செய்தார்கள். ஆறேழு மாதக் குழந்தைகள் இரண்டையும் வேறுபடுத்தி உணர்ந்தன. ஒரு வயதை நெருங்கிய குழந்தைகளுக்கு அந்தத் திறன் பெரும்பாலும் மங்கிவிட்டிருந்தது. நமக்கு 'மத்து', 'மட்டு' இரண்டும் வெவ்வேறு சொற்கள் என்பதில் ஐயமே எழாது. ஆங்கிலேயர் காதுக்கு அவை அநேகமாக ஒன்றே. பேசத் தொடங்குவதற்கு முன்பே குழந்தை எந்தக் கரையைச் சேர்ந்தது என்பது தீர்மானமாகிவிடுகிறது. எப்பிராயீம் வீரன் துறைக்கு வந்து நின்றபோது, அவனுடைய தேர்வு இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, தொட்டிலில் கிடந்த நாள்களில், முடிந்துபோயிருந்தது.

யெப்தாவைப் பற்றி ஒரு சொல். இந்தக் கதையை எடுத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் 12ஆம் அதிகாரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நானோ முந்தைய அதிகாரத்தையும் சேர்த்து வாசித்தபோதுதான் திடுக்கிட்டேன். போருக்குப் புறப்படும்போது யெப்தா ஒரு நேர்த்தி செய்துகொள்கிறான்: வென்று திரும்பினால், என் வீட்டு வாசலிலிருந்து எனக்கு எதிர்கொண்டு வருவதை எதுவாயினும் பலியிடுவேன். எதிர்கொண்டு வந்தவள் அவனுடைய ஒரே மகள். கடவுளுக்கு முன் என் வாயைத் திறந்துவிட்டேன், இனித் திரும்ப முடியாது என்று அவன் அழுகிறான். எபிரேயத்தில் யெப்தா என்ற பெயருக்கே 'அவன் திறக்கிறான்' என்று பொருள். சொந்தச் சகோதரர்களால், உனக்கு எங்கள் வீட்டில் பங்கில்லை என்று துரத்தப்பட்டவனும் அவனே. தன் வாயால் மகளை இழந்தவனுடைய ஆட்கள், ஓர் அதிகாரம் கழித்து ஆற்றங்கரையில் நின்றுகொண்டு வருகிறவன் போகிறவனையெல்லாம் வாயைத் திற என்கிறார்கள். நூலைத் தொகுத்தவர் இதை அறிந்தே அடுத்தடுத்து வைத்தாரா என்பது வேறு வினா. வாசிப்பவன் மனத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன.

ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் விவிலியத்தின் வழியாகவே வந்தது. 1611இல் வெளியான ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பு அதை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. அந்த நூற்றாண்டு இங்கிலாந்தில் சமயப் பிரிவுகள் ஒன்றையொன்று குதறிக்கொண்ட நூற்றாண்டு. ஒருவன் எந்தச் சபையைச் சேர்ந்தவன் என்பதை அவன் வழிபாட்டில் கையாளும் ஒரு சொல்லைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம் என்ற நிலையில், ஷிபோலெத் கைக்கெட்டிய உவமையாயிற்று. உச்சரிப்பு என்ற மூலக்கூறு அப்போதே கழன்றுவிழத் தொடங்கியது. எப்படிச் சொல்கிறான் என்பதற்குப் பதில், எதைச் சொல்கிறான் என்பது சோதனையாகிவிட்டது. மில்டன் மட்டும் மூலக்கதையை விடவில்லை. 1671இல் வெளிவந்த சிம்சோன் பற்றிய நாடகக் கவிதையில், ஷிபோலெத் என்று செம்மையாகச் சொல்ல மாட்டாத குறைக்காக மரண தண்டனை பெற்றவர்களை இரண்டு வரியில் நினைவுகூர்கிறார். அந்த வரிகளின் இறுதியில் மரணம் என்ற சொல்லையும் ஷிபோலெத்தையும் இயைபுத் தொடையாக நிறுத்தியிருப்பது, ஆங்கிலம் அறிந்தவர்கள் சொல்லிப் பார்க்க வேண்டிய அழகு.

நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து பைரனிடம் வரும்போது சொல் நகைச்சுவைக்கு இறங்கிவிட்டது. 1823இல் வெளியான 'டான் ஜுவான்' பதினொன்றாம் காண்டத்தில், இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த ஜுவானுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது, அந்நாட்டாரின் ஷிபோலெத்தைத் தவிர என்கிறார் பைரன். அந்த ஷிபோலெத் ஒரு வசவு. ஒரு நாட்டாரை இன்னார் என்று காட்டிக்கொடுக்கும் வாய்ச்சொல் என்ற பொருள் இங்கே முழுமையாக நிலைபெற்றுவிட்டது. அடுத்த படி அரசியல். கட்சிக்காரன் கட்சிக்காரன்தான் என்று மெய்ப்பிக்க அவன் திரும்பத் திரும்பச் சொல்லியாக வேண்டிய வாசகங்கள் ஷிபோலெத்துகள் ஆயின. எதையும் ஆயிரம் முறை சொன்னால் தேயும். சொல்பவனுக்கே நம்பிக்கை இல்லாமல், சொல்லாவிட்டால் சந்தேகப்படுவார்களே என்பதற்காகச் சொல்லப்படும் வெற்று வாசகம் என்ற பொருளுக்கும், அங்கிருந்து காலாவதியான கொள்கை என்ற பொருளுக்கும் அதிகத் தொலைவில்லை. என்னை இடறிவிட்ட அந்தக் கட்டுரைத் தொடர் இந்தக் கடைசிப் படியில்தான் நின்றது.

அதற்காக உச்சரிப்பு, சொல்வழக்கு என்ற பழைய பொருள் செத்துவிடவில்லை. வகுப்புவேறுபாட்டில் ஊறிய ஆங்கிலச் சமூகத்தில் அதற்கு எப்போதும் வேலை இருந்தது. ஆலன் ராஸ் என்ற மொழியியல் பேராசிரியர் 1954இல் ஹெல்சிங்கியில் வெளியாகும் ஆய்விதழ் ஒன்றில், ஆங்கில மேல்தட்டினரை இனங்காட்டும் சொற்களை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். துடைக்கும் துணியை 'நாப்கின்' என்பவர் மேல்தட்டு, 'செர்வியட்' என்பவர் அல்லாதவர். முகம் பார்க்கும் கண்ணாடியை 'லுக்கிங் கிளாஸ்' என்றால் உள்ளே, 'மிரர்' என்றால் வெளியே. இதில் வேடிக்கை, செர்வியட் பிரெஞ்சு நயம் பொருந்திய சொல் என்பதுதான். நாகரிகமாகப் பேச வேண்டும் என்று முயன்றவர்களே அதனால் பிடிபட்டார்கள். நாவல் எழுத்தாளர் நான்சி மிட்ஃபோர்டு அதை எடுத்து எழுதியபின், நாடே தன் சொற்களைத் தானே ஒட்டுக்கேட்கத் தொடங்கியது.

செர்வியட்டால் யாரும் சாகவில்லை. ஆனால் யோர்தான் கதையின் நேர் வாரிசுகள் வரலாற்றில் நிறைய உண்டு. 1282இல் சிசிலித் தீவில் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராகக் கலகம் வெடித்தபோது, கொண்டைக்கடலையைக் குறிக்கும் 'சிச்சிரி' என்ற சொல்லைச் சொல்லவைத்துப் பிரெஞ்சுக்காரர்களைக் கண்டுபிடித்தார்கள் என்பது மரபுவழிச் செய்தி. 1302இல் புரூஜ் நகரில் பிளெமிஷ் மக்கள் கேடயமும் நண்பனும் என்று பொருள்படும் ஒரு தொடரைக் கையாண்டதாகச் சொல்வார்கள். 1381இல் ஆங்கில உழவர் கிளர்ச்சியின்போது இலண்டனில் பிளெமிஷ் குடியேறிகளை ரொட்டியும் பாலாடைக்கட்டியும் என்ற இரண்டு எளிய ஆங்கிலச் சொற்களைச் சொல்லவைத்து, தம் மொழி வாடையோடு சொன்னவர்களைக் கொன்றதாக ஒரு நகர வரலாற்றேடு குறிக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நெதர்லாந்தினர் ஜெர்மானிய ஒற்றர்களைப் பிடிக்க 'ஸ்கேவெனிங்கென்' என்ற தம் கடற்கரை ஊரின் பெயரைக் கேட்டார்கள். நெதர்லாந்தினர் வாயில் ஸகரமும் தொண்டையொலியும் தனித்தனியே வரும் இடத்தில் ஜெர்மானியர் வாய் தானாகவே ஷகரத்துக்குப் போய்விடும். மூவாயிரம் ஆண்டுப் பழைய கதை தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. இம்முறை ஷகரம் சொன்னவன் மாட்டிக்கொண்டான். இவற்றில் எத்தனை நடந்தபடியே நம்மை வந்தடைந்தவை, எத்தனை பின்னாளில் மெருகேறியவை என்று பிரித்துப் பார்ப்பது எளிதன்று. கொண்டைக்கடலை, ரொட்டி, கதிர் என்று பெரும்பாலும் உணவுப் பெயர்களாகவே வருவதை மட்டும் என்னால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

1937 அக்டோபரில் டொமினிக்கன் குடியரசில் நடந்தது மெருகேற்றத் தேவையில்லாத அளவுக்கு அண்மையது. சர்வாதிகாரி ரஃபேல் துருயில்லோவின் ஆணைப்படி, எல்லைப்புறத்தில் வாழ்ந்த ஹெயிட்டிய மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். படைவீரர்கள் பார்ஸ்லித் தழையைக் காட்டி இது என்ன என்று கேட்டார்கள் என்பது அக்கொடுமையின் நினைவோடு ஒட்டிக்கொண்ட செய்தி. ஸ்பானிய மொழியில் அதற்குப் 'பெரெஹில்' என்று பெயர். நடுவில் வரும் ரகரத்தை நாநுனியால் தட்டிச் சொல்ல வேண்டும். ஹெயிட்டியரின் கிரியோல் மொழியில் ரகரம் நாவின் அடியிலிருந்து எழும். எல்லையில் ஓர் ஆறு. அதைக் கடந்து ஓட முயன்றவர்கள் பலர். வரலாற்றாய்வாளர்கள் பின்னர் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள்: தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த ஹெயிட்டியரில் பலர் ஸ்பானிய மொழியைச் சரளமாகவே பேசினார்கள்; யாரைக் கொல்வது என்பதைச் சொல்லைக் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும் என்ற நிலை இல்லை. அப்படியானால் சோதனை எதற்கு? கொல்பவன் தன் செயலுக்கு ஒரு முறைமை இருப்பதாகக் காட்டிக்கொள்வதற்கு. தேர்வு வைத்தோம், தோற்றான் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா.

தமிழ் வாசகர்களுக்கு இந்த வரிசையில் அடுத்து வருவது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்கள்மீது வன்முறை ஏவப்பட்டபோது, பேருந்துகளை மறித்து, வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சிங்களச் சொல்லைச் சொல்லச்சொல்லி, முதலெழுத்தில் தடுமாறியவர்களைத் தமிழர்கள் என்று பிரித்தெடுத்தார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. இதை எழுதும்போது ஒன்று உறைக்கிறது. அந்தச் சொல்லின் முதலெழுத்தைத் தமிழில் எழுத எனக்கு எழுத்தில்லை. படகிலும் பலகையிலும் வரும் அதே பகரத்தைத்தான் இங்கேயும் எழுதியிருக்கிறேன். அது வேறு ஒலி என்பதைச் சுற்றிவளைத்துத்தான் சொல்ல முடிகிறது. யார் உயிரோடு இருப்பது என்பதைத் தீர்மானித்த வேறுபாடு, என் எழுத்தில் தடமின்றி மறைந்துபோகிறது.

இத்தனைக்கும் பிறகு, ஷிபோலெத் என்று ஒரு மென்பொருளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது ஒரு கணம் கோபம்கூட வந்தது. 2000த்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இணையக் கூட்டமைப்பான இன்டர்நெட்2 தொடங்கிய திட்டம் அது. ஆய்விதழ்களின் தளங்களில் மாணவர் ஒருவர் நுழைய விரும்பினால், அவருடைய பல்கலைக்கழகமே அவர் எங்களவர் என்று சான்று அனுப்பும். தளம் அதை ஏற்றுக் கதவைத் திறக்கும். மூலக்கதையோடு ஒப்பிட்டால் இது நேர் எதிரானது. இங்கே வந்தவனை வாய்திறக்கச் சொல்வதில்லை. அவனுடைய வீட்டார் சொல்வதைக் கேட்டு நம்புகிறார்கள். ஆற்றுத்துறையில் அப்படி ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் எப்பிராயீம் வீரன் இன்னும் விரைவாக மாட்டியிருப்பான் என்று தோன்றியபோது கோபம் தணிந்து சிரிப்பு வந்தது.

கொலம்பியச் சிற்பி டோரிஸ் சால்செடோ இந்தப் பெயரைக் கையாண்ட விதம் வேறு. 2007இல் இலண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் டர்பைன் கூடத்தில் அவர் எதையும் கொண்டுவந்து நிறுத்தவில்லை. தரையில் ஒரு விரிசலை உண்டாக்கினார். ஒரு முனையில் மயிரிழையாகத் தொடங்கி, போகப்போக அகன்று ஆழ்ந்து, 167 மீட்டர் நீளத்துக்குக் கூடத்தைப் பிளந்துகொண்டு போனது அது. குடியேறி வருபவர்கள் எல்லைகளில் படும் பாட்டையும் இனவெறுப்பையும் பற்றிய படைப்பு என்று அவர் விளக்கினார். கண்காட்சி முடிந்ததும் விரிசலை நிரப்பி மூடினார்கள். மூடிய தடம் அந்தத் தரையில் நிலைத்துவிட்டது.

இனி என் மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். 'மூடநம்பிக்கைகள்' என்பதை அடித்துவிட்டு, முதல் இடத்தில் தேய்ந்த வாசகங்கள் என்றும், இரண்டாம் இடத்தில் காட்டிக்கொடுக்கும் உச்சரிப்பு என்றும் எழுதினேன். ஒரே சொல்லை இரண்டாக உடைத்ததில் மனம் சமாதானப்படவில்லை. ஆகவே மூலச்சொல்லையும் தந்து, யோர்தான் கதையை மூன்று வரியில் சொல்லும் அடிக்குறிப்பு ஒன்றையும் சேர்த்தேன். அங்கேதான் சிக்கல் காத்திருந்தது.

இந்தக் கதையை ஷகரமும் ஸகரமும் இல்லாத மொழியில் சொல்ல முடியாது. பழங்காலத்தில் எபிரேய விவிலியத்தைக் கிரேக்கத்துக்குக் கொண்டுபோனவர்கள் இதே முட்டில்தான் நின்றிருக்கிறார்கள்; கிரேக்கத்தில் ஷகரம் கிடையாது. கிரேக்கச் சுவடிகளில் ஒன்று கதிர் என்று சொல்லச் சொன்னதாகவும், மற்றொன்று அடையாளச் சொல்லைச் சொல்லச் சொன்னதாகவும் எழுதி, ஒலியைக் கைவிட்டுக் கதையை மட்டும் காப்பாற்றிக்கொண்டன. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு கிரந்த எழுத்தின் துணையால் இதைக் கடந்தது. ஷகரத்தில் தொடங்கும் வடிவம் ஒன்று, சகரத்தில் தொடங்கும் வடிவம் ஒன்று. கிரந்தத்தை நீக்கிவிட்டால் நம் இலக்கணம் என்ன சொல்கிறது? வடவெழுத்தை விலக்கித் தமிழெழுத்தால் எழுதுக என்பது தொல்காப்பியம். எப்படி மாற்றுவது என்பதை நன்னூலின் பதவியல் வரிசையாகக் கூறுகிறது. ஷகரம் மொழிமுதலில் சகரமாகும். ஷண்முகன் சண்முகன் ஆவான். ஸகரமும் மொழிமுதலில் சகரமே ஆகும். ஸபை சபை ஆகும். கிலேயாத்தாரும் எப்பிராயீமரும் எந்த வேறுபாட்டுக்காக வெட்டிக்கொண்டார்களோ, அந்த வேறுபாட்டைப் பவணந்தி முனிவர் ஒரே சகரத்தில் கரைத்துவிட்டார். உண்மையைச் சொன்னால், தமிழ் எழுத்து முறையே ஆற்றுத்துறையில் பிடிபட்டவனின் பக்கம் நிற்கிறது. ழகரத்தைக் கொண்டு மற்றவர்களைச் சோதிப்பதில் நமக்கு இருக்கும் பெருமிதத்தை, இதை நினைக்கும்போது சற்று அடக்கிக்கொள்ளத் தோன்றும்.

நூலை வெளியிட்டவர்களுக்குக் கிரந்த எழுத்துகளைத் தவிர்ப்பது நெறி. அதில் எனக்கும் பெரிய மாறுபாடு இல்லை. ஆனால் என் அடிக்குறிப்பு அந்த நெறிக்குள் அகப்படும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்க மறந்துபோனேன். மெய்ப்புத் தாள்கள் திரும்பி வந்தபோது, எல்லா இடங்களிலும் இருந்ததுபோல அங்கேயும் ஷவும் ஸவும் சகரமாக்கப்பட்டிருந்தன. 'சிபோலெத் என்று சொல்லச் சொன்னார்கள். அவன் சிபோலெத் என்று சொன்னான். உடனே வெட்டிக் கொன்றார்கள்' என்று அச்சாகியிருந்தது. மெய்ப்புப் பார்த்தவர் கவனமானவர். அந்த வரியைச் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் சிறிய எழுத்தில் கேட்டிருந்தார்: 'சரியாகத்தானே சொல்லியிருக்கிறான்? பிறகு ஏன் கொன்றார்கள்?'